இருபதாவது பெயர்

ஜனவரி 7, செவ்வாய்

வகுப்பு முடிந்தது என்று சொன்ன பிறகும் மேடம் போவதில்லை. இன்று எனக்கு முதல் நாள். நான் முதலில் கவனித்தது அதுதான். "சரி, வியாழக்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத் திரையிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாரும் வெளியேறும்வரை அவர் வெளியேறவில்லை. நான் ஒவ்வொரு போனாக எடுத்து வெளியேறினேன். ஆறு போன். ஆறாவதை அமுக்கப் போகும்போது வகுப்பில் மேடமும் நானும் மட்டும்தான் இருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் முகம் தெரியாது. கறுப்புக் கட்டத்தில் ஒரு பெயர் மட்டும் தெரிந்திருக்கும். ஜெயராக்கினி.

வேலை இதுதான். உரக்கடைக்கு மேலே மாடியில் கோமதிநாயகம் சாரின் கல்வி மையம். பட்டம் படிக்கிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுப்பார்கள், அசைன்மென்ட் எழுதிக்கொடுப்பார்கள். இந்த வருடத்திலிருந்து வகுப்பில் உட்கார்ந்தும் கொடுக்கிறார்கள். எம்.ஏ. தமிழ், இணையவழி. சேர்ந்த ஆறு பேரும் வேலையில் இருப்பவர்கள். பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் முன்னால் உட்கார முடியாது. வருகைப் பதிவு முக்கால்வாசி இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். அதனால் அவர்களுடைய பெயரில் ஆறு போனும் இங்கே இருக்கின்றன. தீக்குச்சி அடுக்கும் பழைய மரச்சட்டம் ஒன்றில் வரிசையாக நிறுத்தி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

அசைன்மென்ட் எழுதுகிற பாக்கியக்கா சொல்லிக்கொடுத்தாள். "ஏட்டி, நீ வாயே தொறக்க வேண்டாம். கேமரா, மைக் ரெண்டும் கிடையாது. டைப் மட்டும்தான். 'அருமை மேடம்', 'நன்றி மேடம்'. மாத்தி மாத்திப் போடு. ஆறு பேரும் ஒரே சமயத்துல அருமைன்னா அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துரும்."

வாயைத் திறக்க வேண்டாம் என்பதால்தான் அம்மா என்னை இந்த வேலைக்கு அனுப்பினாள்.

ஜனவரி 9, வியாழன்

அருமை பதினொன்று. நன்றி எட்டு. குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மேடம் பெயர் பிரபாவதி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பின்னால் ஒரு பச்சைச் சுவர், அதில் ஆணி இருக்கிறது, படம் இல்லை. இன்று பாதி வகுப்பில் பேச்சை நிறுத்திவிட்டார்.

"அருமை அருமைன்னு மட்டும் போடுறதா இருந்தா நான் இந்தச் சுவத்தப் பாத்தே பேசிக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அந்தக் காலத்துல ஒருத்தர் நூல் எழுதினா அதை அவையில வாசிக்கணும். யாராவது எந்திரிச்சுத் தடை சொல்லுவாங்க. அவர் விடை சொல்லணும். விடை நின்னாத்தான் நூல் நிக்கும். உரை எழுதினவங்க தடையையும் விடையையும் சேர்த்தே எழுதிவச்சிருக்காங்க, பாத்திருப்பீங்க. தடை சொல்ல ஆள் இல்லேன்னா அது அவையே இல்ல. இனிமே வியாழக்கிழமை நான் பேசமாட்டேன். நீங்கதான்."

பிறகு காத்திருந்தார். இருபது கட்டங்களில் மூன்றில்தான் கேமரா திறந்திருக்கிறது. ஒருவர் ஓய்வுபெற்ற தாசில்தார், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கட்டத்தில் ஒரு மின்விசிறி சுற்றியது.

காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து.

ஜனவரி 23, வியாழன்

செய்திருக்கக் கூடாது.

மேடம் சொன்னார்: அகப் பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். இன்னாருடைய காதல் என்று பெயர் சொல்லிவிட்டால் அது அகமாகாது. தடை உண்டா?

ஜெயராக்கினியின் போன்தான் கைக்குப் பக்கத்தில் இருந்தது. டைப் செய்தேன்: "தலைவி சொல்ல வேண்டியதையெல்லாம் தோழியே சொல்கிறாள். அது தலைவியின் மனம்தான் என்று எப்படி நம்புவது? தோழி தன் மனத்தில் இருந்ததைச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்?"

அனுப்பிவிட்டேன். மேடம் அதை இரண்டு முறை வாசித்தார். இரண்டாவது முறை சத்தமாக. "ஜெயராக்கினி, இதுக்காகத்தான் நான் ரெண்டு வருஷமா இங்க உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு, "விடை யாரு சொல்றீங்க?" என்றார். யாரும் சொல்லவில்லை. அவர் மறுபடியும் காத்திருந்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆறு பேரில் ஒருவரான போலீஸ் ஏட்டு சுடலைமாடன் போனை எடுத்து, "ஸ்டேஷனில் ஒருவருக்காக இன்னொருவர் வந்து புகார் கொடுப்பது வழக்கம். எழுதியவர் யார் என்று நாங்கள் பார்ப்பதில்லை, அடிபட்டவர் யார் என்றுதான் பார்ப்போம்" என்று போட்டேன்.

மேடம் சிரித்துவிட்டார். தாசில்தார் விழித்துக்கொண்டார்.

பாக்கியக்கா எட்டிப் பார்த்து, "என்னத்தட்டி பண்ணித் தொலச்ச? அந்த ஏட்டுக்குத் தன் பேர எழுதவே ரெண்டு நிமிசம் ஆகும்" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

மேடம் அனுப்புகிற பாடங்களை ஆறு போனிலும் திறக்க வேண்டும், திறந்ததும் அங்கே பதிவாகும். ஒரு போனில் மட்டும் கடைசிவரை படிக்கிறேன். புரியாததைப் பாக்கியக்காவிடம் கேட்டால், "எனக்கு எழுதத்தான் தெரியும், படிக்கத் தெரியாது" என்கிறாள். பதினான்கு வருடமாக அசைன்மென்ட் எழுதுகிறாள்.

இப்போது ஆறு பேருக்கும் ஒவ்வொரு குணம் வைத்திருக்கிறேன். ஏட்டு குறுக்குக் கேள்வி கேட்பார். கூட்டுறவு வங்கி பூமாரி எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார். ஜெயராக்கினிதான் பயப்படாமல் தடை சொல்லுகிறவர். இன்று தடை மூன்று, விடை இரண்டு. அருமை ஒன்றுகூடப் போடவில்லை.

பிப்ரவரி 15, சனி

ஜெயராக்கினி வந்தார். பரீட்சை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட. எட்டயபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நான் நினைத்துவைத்திருந்த மாதிரி இல்லை. குள்ளமாக, வியர்த்துப்போய், கையில் ஒரு பை நிறைய முட்டை அட்டையோடு வந்தார். சேலையில் தாளித்த வாசனை.

"நீதானா எனக்கு உக்காருற பிள்ள? பேரு என்ன தாயி?"

நான் சொல்வதற்குள் பாக்கியக்கா, "செண்பகம். அவ பேசமாட்டா, கூச்சம்" என்றாள்.

"பேசாம இருந்தா நல்லதுதான். எம் புள்ளையும் ஒருத்தி இருக்கா, ஆன்சின்னு. எட்டாவது. அவ பேச்சத் தாங்க முடியல." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கிளாஸ்ல என்னம்மா பேசியிருக்கேன்? காட்டேன்" என்றார்.

போனை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் படித்ததும் பயந்துபோனார்.

"ஏயப்பா, இவ்வளவு எழுதாதம்மா. வாய்மொழித் தேர்வுன்னு ஒண்ணு உண்டுன்னு சொல்றாக. அதுல என்னையல்லா இதெல்லாம் கேப்பாக? எனக்குச் சத்துமாவு கணக்கத் தவிர ஒண்ணும் தெரியாது. கம்மியாப் பேசு. நானாயிருந்தா எம்புட்டுப் பேசுவேனோ அம்புட்டுப் பேசு."

தலையாட்டினேன்.

போகும்போது பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஜெயராக்கினி இரண்டு முறை மட்டும் பேசினார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஐந்து முறை. மேடம்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். திருச்சி மையம் ஒன்றில் சேர்ந்த பெயர்கள் எட்டு உண்டு. அவர்களில் நன்றாக விடை சொல்லுகிறவர் உமாபதி. எதைச் சொன்னாலும் முதலில் "அவையோர் பொறுக்க" என்று ஆரம்பிப்பார். இன்று அதே தொடக்கத்தோடு ஒரு சித்ராதேவியும் எழுதினார். ஒரு தாமோதரனும் எழுதினார். ஒருவர் எழுதும்போது மற்ற ஏழு பேரும் ஒன்றும் எழுதுவதில்லை. அங்கேயும் ஒரே ஆள்தான். அங்கேயும் ஒரு சட்டமும் எட்டுப் போனும் இருக்க வேண்டும்.

அது ஒரு பெண்ணாக இருக்கும் என்று நினைக்கிறேன். என்னை அவளும் கண்டுபிடித்திருப்பாளா? ஜெயராக்கினி சொன்ன தடைக்கு உமாபதி இன்று மூன்று பத்தி விடை எழுதினார். மேடம் கையைத் தட்டினார். "இதுதான் அவை. இதுதான். இத நேர்ல பாக்க நாம கொடுத்துவைக்கல, பரவால்ல" என்றார்.

இருபது பேரில் பதினான்கு பேர் நாங்கள் இருவர். அதை அவரிடம் யார் சொல்வது?

பிப்ரவரி 27, வியாழன்

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று பாக்கியக்கா கேட்டாள். பஸ் நேரம் மாறிவிட்டது என்றேன். எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து மூன்றாவது வாரம். எழுந்து வாசி என்றார் சார். எழுந்தேன். சத்தம் வரவில்லை. வாசிக்கும்வரை உட்காரக் கூடாது என்றார். மூன்று பீரியட் நின்றேன். வேறு சார்கள் வந்தார்கள், போனார்கள், நான் நின்றேன். வெளியே போகவும் கேட்க முடியவில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவள் தரையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டாள், நனையாமல்.

பஸ் நேரமும் மாறியது உண்மைதான்.

மார்ச் 8, சனி

ஜெயராக்கினி இறந்துவிட்டார். நேற்று மத்தியானம், பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்து, பாத்திரம் கழுவ உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் உயிர் போய்விட்டது. நாற்பத்தொரு வயது. பாக்கியக்கா சொன்னாள். அவள் அழுதாள். நான் ஆறு போனையும் சார்ஜில் போட்டேன்.

சாருக்குச் சொன்னதும் முதலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்ல மனுசி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எழுதித் தெரிவிச்சா என்ன ஆகும் தெரியுமா? இருபது பேர் இருந்தாத்தான் நேரடி வகுப்பு. அந்தம்மா சேர்ந்துதான் இருபதே ஆச்சு. பத்தொன்பதுன்னா யூனிவர்சிட்டிக்காரன் வகுப்பை நிறுத்திட்டு ரெக்கார்டு பண்ணின வீடியோவப் போட்டுவிட்டுருவான். அந்த பிரபாவதி மேடத்தையும் வீட்டுக்கு அனுப்பிருவான். அவுக காண்ட்ராக்ட். செமஸ்டர் முடியட்டும். அதுவரைக்கும் அந்தப் போனும் உள்ள இருக்கட்டும். ஒண்ணும் எழுத வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். என்ன பிள்ள?"

தலையாட்டினேன்.

மார்ச் 9, ஞாயிறு

அடக்கத்துக்குப் பாக்கியக்கா போய்வந்தாள். நான் போகவில்லை. எனக்கு அவர்களைத் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

ஜெயராக்கினி வகுப்பில் இருந்தார். ஒன்றும் எழுதவில்லை. மேடம் இரண்டு முறை, "ஜெயராக்கினி, இன்னைக்கு அமைதியா இருக்கீங்க" என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

சும்மா இருந்தால்தான் சந்தேகம் வரும். அதனால் எழுதினேன். நாலு முறை. சார் சொன்னதன் அர்த்தம் அதுதான், சந்தேகம் வரக் கூடாது என்பது.

அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி மருந்து பட்டுக் கை வெந்திருக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

மார்ச் 18, செவ்வாய்

வியாழக்கிழமை ஒருவர் முழுக் கட்டுரை வைக்க வேண்டும், அவை முழுவதும் தடை சொல்லும், இந்த செமஸ்டரின் அரங்கேற்றம் அதுதான் என்றார் மேடம். யார் வைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "ஜெயராக்கினி வைக்கட்டும்" என்றார்.

ஏட்டு பெயரில், "பூமாரி அம்மா வைக்கலாமே" என்று போட்டிருக்கலாம். விரலை வைத்தேன். போடவில்லை.

"வைக்கிறேன் மேடம்" என்று எழுதினேன்.

மார்ச் 20, வியாழன்

நாலு பக்கம். தோழியின் மனம் என்று தலைப்பு. பாட்டில் பெயர் இல்லை என்பதால் தலைவிக்கு இழப்பு இல்லை, அவளைப் பற்றித்தான் பாட்டு. பெயரும் இல்லாமல் பாட்டும் தன்னைப் பற்றி இல்லாமல் போவது தோழிக்குத்தான். ஆனாலும் அவள் நிறுத்தாமல் பேசுகிறாள், ஏன்? இதுதான் கேள்வி. முந்தாநாளும் நேற்றும் எழுதி, அடித்து, எழுதினேன். சமைக்கவில்லை. அம்மா கையில் கட்டோடு உலை வைத்தாள்.

மேடம் முழுவதையும் சத்தமாக வாசித்தார். நான் எழுதிய ஒரு கட்டுரையை ஒருவர் வாசித்துக் கேட்டது இதுதான் முதல் முறை. உமாபதி இரண்டு தடை சொன்னார். இரண்டாவது தடை கடினம். பத்து நிமிடம் ஆனது விடைக்கு. தாசில்தார் கூட ஒரு தடை சொன்னார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பெண் மைக்கைத் திறந்து, "எனக்கு இது நல்லாப் புரிஞ்சுது" என்றாள்.

மேடம், "நின்னுருச்சு. கட்டுரை நின்னுருச்சு" என்றார். குரல் மாறியிருந்தது.

எல்லாரும் போன பிறகும் நான் ஜெயராக்கினியின் போனை மூடவில்லை. மேடமும் போகவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு மூடினேன்.

சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதவேண்டும். இருந்தேன்.

மார்ச் 29, சனி

இதை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் மாடிப்படியில் ஒரு ஆள் ஏறி வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த தாடி. பின்னால் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பிள்ளை, சனிக்கிழமையும் வகுப்பு உண்டு போல. "நான் சவரிமுத்து. மினி பஸ் ஓட்டுறேன். ஜெயராக்கினி வீட்டுக்காரர்" என்றார். கையில் ஒரு கவர்.

மேடம் கடிதம் எழுதியிருக்கிறார். கையால் எழுதி, பதிவேட்டில் இருந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். நல்ல கட்டுரைக்குக் கடிதம் எழுதுவதுதான் மரியாதை, செய்தி அனுப்புவது அல்ல என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சார் வாங்கிப் படித்தார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். சவரிமுத்து அண்ணன் சொன்னார், "எனக்கு வாசிக்கத் தெரியும், ஆனா இது புரியல சார். பாப்பாதான் படிச்சுச் சொன்னா. போன இருபதாம் தேதி எங்க வீட்டம்மா கட்டுரை வாசிச்சதா எழுதியிருக்கு. அவ ஏழாம் தேதியே போயிட்டா."

சார் கடிதத்தை மடித்து அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு வழவழவென்று சொன்னார். "அதாவது அண்ணாச்சி, அவுக முன்னாடியே எழுதி எங்ககிட்டக் குடுத்துட்டாக. நாங்கதான் தாமதமா ஏத்தினோம். மேடத்துக்குச் சேதி தெரியாது. நாங்க சொல்லல, துக்கத்துல சொல்ல மனசு வரல."

சவரிமுத்து அண்ணன் நம்பினார். சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "அவ எழுதினாளா! எப்ப எழுதினா? அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ஸ்கூலு, அடுப்பு, திரும்ப வீட்டு அடுப்பு. நான் ஒருநாளும் அவ கையில பேனாவப் பாத்ததில்ல சார்." அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். "பெரிய மனுசியோடதான் குடும்பம் நடத்தியிருக்கேன். தெரியாமப் போச்சு. இன்னும் இருந்தாக் குடுங்க சார், அவ எழுதினது. முப்பதாம் நாள் பூசைக்குச் சொந்தக்காரங்கல்லாம் வருவாக. காட்டுவேன்."

"எடுத்துக் குடு செண்பகம்" என்றார் சார், என்னைப் பார்க்காமல்.

நான் பிரிண்டரில் காகிதம் வைத்தேன். ஜனவரியிலிருந்து எல்லாம் வந்தது, தேதி இல்லாமல். பதினெட்டுப் பக்கம். அந்தப் பிள்ளை, ஆன்சி, என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தாள். அவள் பேச்சைத் தாங்க முடியாது என்று அவளுடைய அம்மா சொன்னார். அவள் ஒன்றும் பேசவில்லை. வேகமாகப் படித்தாள். கடைசித் தாளை எடுக்கும்போது சொன்னாள், என்னிடம்தான்.

"எங்கிட்ட சாப்பிட்டியா, படிச்சியா, தலையச் சீவுன்னு தவிர ஒண்ணும் பேசமாட்டாங்க. நான் எதுனா கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா, டீச்சரக் கேளுன்னுடுவாங்க. எல்லாந் தெரிஞ்சிருக்கு. இங்க இருக்கிறவங்ககிட்ட எல்லாம் பேசியிருக்காங்க. எங்கிட்ட மட்டும்தான் பேசல."

"பாப்பா" என்றார் அவளுடைய அப்பா.

"முப்பதாம் நாளுக்கு நான் கோயிலுக்கு வரல. நீங்க போங்க."

தாள்களை அவரிடம் கொடுத்துவிட்டு முதலில் இறங்கிப் போய்விட்டாள். கடிதத்தை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் சார் கதவைச் சாத்தினார். "தப்பிச்சோம்" என்றார். பாக்கியக்கா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, அந்தப் பிள்ள மூஞ்சியப் பாத்தியா?" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மாவின் கை ஆறிவருகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சாரிடம் எழுதிக் காட்டினேன். வாயால் சொல்ல வராது என்பதால் ஒரு சீட்டில். அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், அவள் அம்மாவை வெறுக்கிறாள் என்று.

சார் சீட்டை நாலாக மடித்தார். "சொன்னா என்ன நடக்கும், யோசிச்சியா? அவ அப்பன்ட்ட சொல்லுவா. அவரு மேடத்துக்குச் சொல்லுவாரு. வகுப்பு போகும். மேடத்துக்கு வேலை போகும். எனக்குக் கேஸு. நீ இந்த ஆறு போனையும் இனிமே தொட முடியாது. அதுல உனக்குத்தான் ஒட்டுதல் ஜாஸ்தி. தெரியும்ல எனக்கு? நான் என்ன குருடனா?"

பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "சின்னப்பிள்ள, ரெண்டு மாசத்துல மறந்துரும்" என்றார்.

சின்னப் பிள்ளைகள் மறப்பதில்லை. இதை நான் எழுதிக் காட்டவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வகுப்பு தொடங்கியதும் மேடம் கேட்டார். "ஜெயராக்கினி, என் கடிதம் வந்துச்சா?"

அவர் காத்திருந்தார்.

"வந்தது மேடம். நன்றி" என்று போட்டேன்.

"படிச்சீங்களா?"

கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. சார் படித்தார், ஆன்சி படித்தாள். நான் படிக்கவில்லை. "படித்தேன்" என்று போட்டேன்.

"அதுல ஒண்ணு கேட்டிருந்தேன். பதில் அவையில சொல்ல வேண்டாம். எழுதி அனுப்புங்க, தபால்லயே" என்றார். சிரித்தார். மேடம் சிரிப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இதுவரை எழுதவில்லை.

பிறகு உமாபதி ஒரு தடை சொன்னார். ஜெயராக்கினிக்கு. அதற்கு விடை எனக்குத் தெரியும். எழுதவில்லை. அதன்பிறகு வகுப்பு முடியும்வரை எழுதவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் தண்ணீர் வந்தது. நாலு குடம் பிடித்தேன். வயிற்றுவலி என்று சாரிடம் சொல்லச் சொல்லிப் பாக்கியக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "எங்க போறன்னு எனக்குத் தெரியும். போ" என்று பதில் வந்தது.

ஆன்சி படிக்கிற கான்வென்ட் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். மூன்றரை மணியிலிருந்து வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், கொடுத்துவிடலாம் என்று. வியர்வையில் தாள் கசங்கி மை பரவிவிட்டது. கீழே போட்டேன்.

மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். அவள் தனியாக வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"நீங்க அந்த சென்டர்ல இருந்த அக்காதானே?"

தலையாட்டினேன். அவள் போகப் பார்த்தாள்.

"அம்மா எழுதல" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. ரோட்டில் லாரி சத்தம். அவளுக்குக் கேட்கவில்லை. "அம்மா எழுதல. நான் எழுதினேன்."

"எதை?"

"எல்லாத்தையும். வகுப்புல உங்க அம்மா பேர்ல உக்காந்தது நான்தான். அவுக ஒருநாள்தான் வந்தாக. இவ்வளவு எழுதாதன்னு சொன்னாக. நான் கேக்கல."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது."

"அம்மா செத்த பிறகும் எழுதுனீங்களா?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப எங்கிட்ட எதையும் ஒளிச்சுவைக்கல."

"இல்ல."

"நெசமாவே ஒண்ணும் தெரியாதுன்னுதான் டீச்சரக் கேக்கச் சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப எதுவுமே எழுதலையா? ஒண்ணுகூட?"

இதை நான் யோசித்து வரவில்லை. ஒன்றாவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். சொல்லியும் இருக்கலாம், அவள் நம்பியிருப்பாள்.

"இல்ல" என்றேன்.

எதிர்ப்பக்கம் மினி பஸ் வந்து நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சவரிமுத்து அண்ணன் எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். "அப்பாட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள் ஆன்சி. பையை முன்னால் இழுத்து, அறிவியல் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தக் கவரை எடுத்தாள்.

"இது உங்களுக்கு வந்ததுதான்" என்று நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.